தடியும் கல்லும்



சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து மத்ரஸாத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். சிறுவயதில் என்னிடம் குர்ஆன் ஓதிய இளைஞன் ஒருவன் தன் தாயாருடன் வந்தான். வயது இருபத்திரண்டு. வலக்கையில் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. முஸாபஹா செய்யக் கையை நீட்ட முயன்றவன், முடியாமல் இடக்கையை நெஞ்சில் வைத்து ஸலாம் கூறினான்.

நடந்தது இதுதான். பக்கத்து நகரில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்லும் வழியில் ஒரு மதுக்கடை இருக்கிறது. அதை அகற்ற வேண்டுமென்று அவ்வட்டாரத்து மக்கள், எல்லாச் சமயத்தாரும் கலந்து, சாலையோரத்தில் பந்தலிட்டு உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் மாலை காவல்துறையினர் தடியடி நடத்திக் கூட்டத்தைக் கலைத்தார்கள். தரையில் உட்கார்ந்திருந்த இவன் தலையைக் காக்கக் கையை உயர்த்தியபோது மணிக்கட்டு முறிந்தது.

அந்தக் கூட்டத்துக்கு மகனை அனுப்பலாமா என்று முந்தைய வாரம்தான் அந்தத் தாய் என்னிடம் கேட்டிருந்தார். "நல்ல காரியம், அனுப்புங்கள் லாத்தா. அமைதியாகப் போய் அமைதியாக உட்கார்ந்துவிட்டு வருகிறவனுக்கு எந்தத் தீங்கும் வராது" என்று சொன்னவன் நான். அதை அவர் எனக்கு நினைவூட்டவில்லை. நினைவூட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டார்: "இவன் ஒண்ணும் பண்ணலையே ஹஜ்ரத், உட்கார்ந்துதானே இருந்தான். ஏன் அடிச்சாங்க?"

மகன் கேள்வி எதுவும் கேட்கவில்லை. தலையைக் குனிந்தபடி, "அடுத்த தடவ நான் வெறுங்கையோட போக மாட்டேன் ஹஜ்ரத்" என்றான்.

இருவருக்கும் சொல்ல அன்று என்னிடம் விடை இல்லை. வெள்ளிக்கிழமை வரும்படி கூறி அனுப்பிவிட்டேன். அன்றிரவு, கல்லூரியில் வரலாறு படித்த காலத்துக் குறிப்பேடுகளைப் பரணிலிருந்து இறக்கினேன். நான் தேடிய ஊரின் பெயர் தாராசனா.

குஜராத்தின் தென் கடற்கரையில், இன்றைய வல்சாடு மாவட்டத்தில் இருக்கும் சிற்றூர் அது. 1930 ஆம் ஆண்டின் தண்டி யாத்திரையை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். பாடம் பெரும்பாலும் கடற்கரையில் ஒரு பிடி உப்பை எடுத்ததோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் நடந்ததுதான் என் பார்வையில் பெரிது. தாராசனாவில் இருந்த அரசாங்க உப்பளத்துக்குள் தொண்டர்களுடன் நுழையப் போவதாகக் காந்தியடிகள் வைசிராய்க்கு முன்கூட்டியே கடிதம் எழுதினார். நாளும் இடமும் மறைத்து, திடீரென்று புகும் எண்ணம் அவருக்கு இல்லை. மே 5 ஆம் தேதி, நள்ளிரவு கடந்த வேளையில், அவரைக் கைது செய்து கொண்டு சென்றார்கள்.

அவருடைய இடத்தில் தலைமையேற்றவர் யார் என்று நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அப்பாஸ் தையப்ஜி. பரோடா சமஸ்தானத்தின் உயர்நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். 1919 ஆம் ஆண்டு ஜாலியன்வாலா பாகில் நடந்த படுகொலையை விசாரிக்கக் காங்கிரஸ் அமைத்த குழுவில் உறுப்பினராக இருந்தவர். உப்பளத்துக்குப் புறப்பட்டபோது அவருக்கு வயது 76. வாழ்நாளின் பெரும்பகுதியைச் சட்டத்தின் நாற்காலியில் கழித்த ஒரு முதியவர், ஒரு சட்டத்தை மீறுவதற்காக வெயிலில் நடந்து செல்லும் காட்சியை எண்ணிப் பாருங்கள். மே 12 அன்று அவரும் கைதானார். அடுத்துத் தலைமை ஏற்றவர் கவிஞர் சரோஜினி நாயுடு.

மே 21 அன்று காலை ஏறத்தாழ 2,500 தொண்டர்கள் திரண்டார்கள். அவர்களை வழிநடத்தியவர்களுள் காந்தியடிகளின் மகன் மணிலாலும், இமாம் அப்துல் காதிர் பாவஸீரும் இருந்தார்கள். இந்த இமாமைப் பற்றிச் சற்று நின்று பேச என் மனம் விரும்புகிறது. பள்ளிவாசலோடு பிழைப்பவன் அல்லவா நான்! தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க் நகரில் இமாமாகவும் ஹமீதிய்யா இஸ்லாமியச் சங்கத்தின் தலைவராகவும் விளங்கியவர். டிரான்ஸ்வால் அரசு இந்தியர்கள்மீது சுமத்திய பதிவுச் சட்டத்தை எதிர்த்து 1908 இல் சிறை சென்றவர். தமிழர்கள் பெருந்தொகையினராய்ச் சிறை புகுந்த அதே போராட்டம்தான் அது. பின்னர் இந்தியாவுக்கு வந்து, சபர்மதி ஆசிரமத்தில் குடும்பத்தோடு வாழ்ந்தார். அவர் குடியிருந்த வீட்டுக்கு இமாம் மன்ஸில் என்று பெயர். தொழுகை நடத்திப் பழகிய மனிதர், அன்று வேறொரு வரிசையின் முன்னே நின்றார்.

யார் அடித்தாலும் திருப்பி அடிக்கக் கூடாது. விழும் அடியைத் தடுக்கக் கையைக்கூட உயர்த்தக் கூடாது என்று சரோஜினி நாயுடு அவர்களிடம் கூறினார். உப்பளத்தைச் சுற்றிலும் அகழி வெட்டி நீர் நிரப்பி, முள்வேலி போட்டிருந்தார்கள். உள்ளே ஏறத்தாழ 400 காவலர்கள். நுனியில் இரும்புப் பூண் போட்ட மூங்கில் தடிகள். ஆணையிட வெள்ளைக்கார அதிகாரிகள் சிலர். முதல் அணி ஓசையின்றி நடந்து சென்று முள்வேலியை நெருங்கியது. ஐவருக்கு மேல் கூடத் தடை இருக்கிறது, கலைந்து செல்லுங்கள் என்று அதிகாரிகள் ஆணையிட்டார்கள். அணி நிற்கவில்லை. தடிகள் தலைமீதும் தோள்மீதும் இறங்கின. ஒருவரும் கையை உயர்த்தவில்லை. விழுந்தவர்களைக் கம்பளிகளில் கிடத்தித் தூக்கிச் சென்றார்கள். உடனே அடுத்த அணி புறப்பட்டது. தங்களுக்கு என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் கண்ட பின் புறப்பட்ட அணி அது! பின்னர் அணி அணியாகத் தரையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களையும் அடித்தார்கள், உதைத்தார்கள், காலையும் கையையும் பிடித்து இழுத்துச் சென்றார்கள்.

இத்தனையும் நமக்குத் தெரிய வந்தது வெப் மில்லர் என்னும் அமெரிக்கச் செய்தியாளர் அங்கே நின்றிருந்ததால்தான். காயமுற்றோரைக் கிடத்தியிருந்த கொட்டகைக்குச் சென்று அவரே எண்ணினார்: 320 பேர் காயம், இருவர் மரணம். அவருடைய தந்திக்கு முதலில் தணிக்கை குறுக்கே நின்றது. தடை நீங்கி வெளிவந்தபோது உலகெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட நாளேடுகள் அதை அச்சிட்டன. அமெரிக்க மேலவையிலும் அது பதிவு செய்யப்பட்டது.

அவர் எழுதியவற்றுள் ஒரு செய்தியைப் பலரும் சொல்வதில்லை. காத்திருந்த தொண்டர்கள் பலமுறை பொங்கி எழும் நிலைக்கு வந்துவிட்டார்கள். தலைவர்கள் வரிசைகளுக்கிடையே அங்குமிங்கும் ஓடி, வாக்கை நினைவூட்டிக் கெஞ்சி, மிகுந்த பாடுபட்டே அவர்களை அடக்கி வைத்தார்கள். ஆக, அவர்கள் கோபமற்றவர்கள் அல்லர். எதிரே தோழன் மண்டை உடைந்து கிடக்கும்போது எவனுக்குத்தான் கை துடிக்காது? மாவுக்கட்டோடு வந்த நம் இளைஞனின் கோபமும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. அதை நான் குறையாகக் கருதவில்லை.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். உட்கார்ந்திருந்தவனை ஏன் அடித்தார்கள்?

நான் அவருக்கு அளித்த உறுதிமொழி பிழையானது. அமைதியாக இருந்தால் அடி விழாது என்று எந்த வரலாறும் சொல்லவில்லை. தாராசனாவில் அமைதியாக இருந்தவர்களுக்குத்தான் அடி விழுந்தது. எதிர்த்து ஓடி வருகிறவனை அடக்கப் பலம் தேவைப்படலாம். ஓடாமல், அடிக்காமல், பணியாமல் உட்கார்ந்திருப்பவன் முன் அதிகாரம் திகைத்துப் போகிறது. அவனைக் கைது செய்து வண்டியில் ஏற்றலாம்; வழக்குப் போடலாம்; சிறையில் வைக்கலாம். அதற்கு நேரமும் பொறுமையும் வேண்டும். தடிக்கு இரண்டும் வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை வீட்டிலுள்ள பெண்களும் அறிந்திருப்பது நல்லது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை நம் அரசியலமைப்பின் 19 ஆவது பிரிவு குடிமக்களுக்கு அளிக்கிறது. நாட்டின் இறையாண்மை, பொது ஒழுங்கு இவற்றுக்காக நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கவும் அதுவே இடம் தருகிறது. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148 ஆவது பிரிவு, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 129 ஆக இருந்தது. சட்டவிரோதமாகவோ, பொது அமைதியைக் குலைக்கும் வகையிலோ கூடியிருப்போரைக் கலைந்து போகும்படி ஆணையிடலாம் என்கிறது அது. கலையாவிட்டாலோ, கலைய மாட்டோம் என்பதை நடத்தையால் காட்டினாலோ, பலத்தைப் பயன்படுத்திக் கலைக்கலாம். 'கலைக்கலாம்' என்ற அச்சொல்லின்மீது உங்கள் விரலை வையுங்கள். அப்பலத்தின் நோக்கம் அதோடு முடிகிறது. தண்டிக்கும் வேலை நீதிமன்றத்துக்கு உரியது. இராணுவத்தையே அழைக்க நேர்ந்தாலும், இயன்றவரை குறைந்த பலத்தைப் பயன்படுத்தி, உயிருக்கும் உடைமைக்கும் இயன்றவரை குறைந்த சேதமே விளைவிக்க வேண்டும் என்று அடுத்த பிரிவு கட்டளையிடுகிறது. படைக்கலம் ஏந்திய இராணுவத்துக்கே இந்த வரம்பு என்றால், ஊர்க்காவல் நிலையத்தாருக்கு இதைவிட அகலமான வரம்பு எங்கிருந்து வரும்?

ஓடுகிறவன் கலைந்துகொண்டிருக்கிறான். அவன் முதுகில் விழும் அடி எதைக் கலைக்கிறது? 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளில் நடந்த துப்பாக்கிச் சூட்டைத் தொடர்ந்து 13 உயிர்கள் பறிபோயின. விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், தப்பியோடியவர்கள்மீதும் சுடப்பட்டது என்று கண்டது. தடியோ தோட்டாவோ, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே.

இன்னொரு வழக்கையும் சொல்ல வேண்டும். 2011 ஜூன் 4 ஆம் தேதி இரவு, டெல்லி ராம்லீலா மைதானத்தில் பாபா ராம்தேவின் உண்ணாவிரதப் பந்தலில் பல்லாயிரவர் உறங்கிக்கொண்டிருந்தார்கள். நள்ளிரவுக்குப் பின் காவல்துறை உள்ளே புகுந்தது. கண்ணீர்ப் புகை, தடியடி. பெண்மணி ஒருவர் படுகாயமுற்றுப் பின்னர் உயிரிழந்தார். அந்த மேடையின் அரசியலில் நமக்கு உடன்பாடில்லாதவை மிகுதி, அதை மறைப்பானேன்? ஆயினும் உறங்குகிறவன் எந்தக் கொடியின்கீழ் உறங்கினாலும் உறங்குகிறவனே. உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 23 அன்று அளித்த தீர்ப்பில், அந்த நள்ளிரவு நடவடிக்கையைக் கண்டித்தது. இறந்தவரின் குடும்பத்துக்கு 5 இலட்சம், படுகாயமுற்றோருக்கு 50 ஆயிரம், சிறுகாயமுற்றோருக்கு 25 ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அதோடு நிற்கவில்லை. இழப்பீட்டில் நாலில் ஒரு பங்கைப் போராட்டத்தை நடத்திய அறக்கட்டளையே தர வேண்டும் என்றது. தடையாணையைத் தெரிவித்த பின்னும் கூட்டத்தை ஒழுங்காகக் கலைந்து போகச் செய்யாதது அவர்கள் குற்றம் என்பது நீதிமன்றத்தின் கருத்து. இந்த நாலில் ஒரு பங்கைப் பற்றி நான் பலநாள் யோசித்திருக்கிறேன். கூட்டத்தைக் கூட்டியவன், கூட்டத்துக்குப் பொறுப்பாளி. நம் பகுதிகளில் சுவரொட்டியில் பெயர் வரும்போது முண்டியடிக்கிறவர்கள், தடி வரும்போது எங்கே நிற்கிறார்கள் என்று நான் கேட்டால் சிலர் கோபிப்பார்கள்.

சரி, இளைஞனின் கேள்வி என்ன ஆயிற்று? வெறுங்கையோடு போக மாட்டேன் என்றானே.

அவனுக்காகத்தான் பெஷாவரை எடுத்துக்கொண்டேன். தாராசனாவுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னர், 1930 ஏப்ரல் 23. எல்லைப்புறத்தில் கான் அப்துல் கஃபார் கானின் குதாயீ கித்மத்கார்கள், அதாவது இறைப்பணியாளர்கள், வன்முறை செய்ய மாட்டோம் என்று இறைவன்மீது ஆணையிட்டு அணிதிரண்ட காலம். கான் சாஹிபும் காங்கிரஸ் தலைவர்களும் கைதான செய்தி பரவ, பெஷாவரின் கிஸ்ஸா கவானி பஜாரில் மக்கள் கூடினார்கள். கவச வண்டிகள் கூட்டத்துக்குள் புகுந்து மக்கள்மீது ஏறின. இராணுவத்தின் மோட்டார் சைக்கிள் தூதன் ஒருவன் கொல்லப்பட்டான். கவச வண்டி ஒன்று தீப்பற்றி எரிந்தது. பின்னர் துப்பாக்கிகள் முழங்கின. இறந்தோர் 30 பேர் என்றது அரசு. காங்கிரஸின் விசாரணை அதை நூற்றுக்கு மேல் கொண்டு சென்றது. அரசு நியமித்த குழுவில் நீதிபதி ஷா முஹம்மது சுலைமான் இருந்தார். காங்கிரஸ் விட்டல்பாய் படேல் தலைமையில் தனிக்குழு அமைத்தது. அவ்வறிக்கையை அரசு தடை செய்தது.

விசாரணையில் எது பெரிய வாதமாயிற்று? முதலில் வண்டி ஏறியதா, முதலில் தூதன் விழுந்தானா? வண்டிக்குத் தீ வைத்தது யார், எப்போது? சாலையில் நசுங்கியும் சுடப்பட்டும் கிடந்த மனிதர்களைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில், எரிந்த வண்டியைப் பற்றிப் பேச அரசுக்கு வாய்ப்புக் கிடைத்தது. எரித்தவர்கள் சீருடை அணிந்த தொண்டர்கள் என்று நான் சொல்லவில்லை. பெருங்கூட்டத்தில் ஒருவன் கை எல்லாருடைய கையாகிவிடுகிறது. தாராசனாவில் அரசுக்கு அந்த வாதமே கிடைக்கவில்லை. கல் விழவில்லை, ஆகவே தடி தனியாக நின்றது. அதற்குக் காரணம் சொல்லும் பொறுப்பு முழுவதும் அதைப் பிடித்தவன் தலையில் விழுந்தது.

பெஷாவரில் இன்னொன்றும் நடந்தது. நிராயுதபாணிகள்மீது சுடும்படி கர்வால் படைப்பிரிவுக்கு ஆணை வந்தபோது, ஹவில்தார் சந்திர சிங்கும் அவருடைய தோழர்களும் சுட மறுத்தார்கள். எதிரே நின்ற கூட்டம் பட்டாணிய முஸ்லிம்கள். மறுத்தவர்கள் மலைநாட்டு இந்துக்கள். இராணுவ நீதிமன்றம் சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 1941 இல்தான் விடுதலையானார். பிற்காலத்தில், 1994 இல், இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. அவர் கையிலிருந்த துப்பாக்கியைத் தாழச் செய்தது எது என்று நினைக்கிறீர்கள்? எதிரே நின்றவர்களின் வெறுங்கைதான் என்று நான் நம்புகிறேன். கல்லேந்தி வருகிறவன் எதிரே ஒரு சிப்பாய்க்கு மறுப்பது எப்படிக் கூடும்? தன் உயிரைக் காக்கும் அவசரத்தில் மனசாட்சிக்கு நேரம் ஏது? நம் வீட்டுப் பிள்ளைகளிலும் காக்கிச் சட்டை அணிந்தவர்கள் இருக்கிறார்கள். விடியற்காலையிலிருந்து வெயிலில் நின்று, குடிக்க நீரும் கிடைக்காமல், மேலிடத்து ஆணைக்குக் காத்திருக்கும் அவர்களுள் ஒரு சந்திர சிங் இருக்கக்கூடும். கல் அவனை நம்மிடமிருந்து பிடுங்கிவிடுகிறது.

போராட்டத்தின் எல்லை கல்லோடு முடிகிறதா என்றால், இல்லை. ஷாஹீன் பாக் பெண்கள் 2019 டிசம்பர் முதல் 2020 மார்ச் வரை சாலையில் அமர்ந்திருந்ததை நாம் அனைவரும் நெஞ்சு நிறைந்து பார்த்தோம். கொரோனா ஊரடங்கின்போது அவர்கள் அகற்றப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம், பொதுவழியைக் காலவரையின்றி மறித்து அமர முடியாது. போராட்டங்கள் அதற்கென ஒதுக்கிய இடங்களில் நடக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எனக்கு இதில் பாதி உடன்பாடு உண்டு. நோயாளியைச் சுமந்து வரும் ஆம்புலன்ஸுக்கும், அன்றாடக் கூலிக்குப் போகிறவனுக்கும் வழிவிடாத போராட்டம், தான் யாருக்காகப் பேசுகிறதோ அவனையே வதைக்கிறது. மறுபாதியில் உடன்பாடில்லை. அரசு ஒதுக்கும் இடம் அரசின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத இடமாக இருந்தால், அது சுவரிடம் பேசுவதாகும். பொதுத் தெருவில் கூட்டம் நடத்துவதை ஒழுங்குபடுத்தலாமே அன்றி முற்றாக மறுக்க முடியாது என்று 1972 ஆம் ஆண்டிலேயே, குஜராத்தின் ஹிமத் லால் ஷா வழக்கில், இதே நீதிமன்றம் கூறியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

என் மனத்துக்கு ஒவ்வாத வழக்கம் இன்னும் ஒன்று உண்டு. அடி விழாது என்ற கணக்கில் கைக்குழந்தையோடு தாய்மாரை முன்வரிசையில் உட்கார வைப்பது. தாராசனாவுக்குச் சென்றவர்கள், வரப்போவதை அறிந்து, தாமே இசைந்து சென்றவர்கள். குழந்தை எதற்கு இசைந்தது? அந்தக் கணக்கும் இப்போது பொய்த்து வருகிறது. 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மதுக்கடையை எதிர்த்துத் திரண்ட பெண் ஒருவரைக் காவல் அதிகாரி கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே பார்த்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் தாயும் மகனும் வந்தார்கள். முதலில் அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். "தீங்கு வராது என்று நான் சொல்லியிருக்கக் கூடாது லாத்தா. வரக்கூடும், தெரிந்து அனுப்புவதானால் அனுப்புங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும்" என்றேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படிச் சொல்லியிருந்தா நான் அனுப்பியிருக்க மாட்டேனே ஹஜ்ரத்" என்றார். இதற்கு என்ன மறுமொழி கூறுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பின்னர் மகனிடம் தாராசனாவையும் பெஷாவரையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவங்கள அடிச்சத எழுத ஒரு வெள்ளைக்காரன் இருந்தான். என்னை அடிச்சத யார் எழுதுவா?" என்றான்.

"நீதான் எழுத வேண்டும்" என்றேன்.

காவல்துறையினரின் செயலுக்கு எதிராக மாநில மனித உரிமை ஆணையத்தில் முறையிடலாம். நிகழ்ச்சி நடந்து ஓராண்டுக்குள் முறையீடு போய்ச் சேர வேண்டும். கட்டணம் இல்லை. கூட்டத்தைக் கலைத்த செயலுக்காகக் காவலர்மீது குற்ற வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும் என்று சட்டம் ஒரு வேலி போட்டிருக்கிறது. ஆணையத்தில் முறையிட அந்த வேலி குறுக்கே நிற்பதில்லை. அரசு மருத்துவமனையில் காட்டியபோது காயம் எப்படி ஏற்பட்டது என்று பதிவு செய்திருப்பார்கள். அதன் நகல் வேண்டும். வழுக்கி விழுந்ததாக எழுதச் சொல்லி யாரேனும் அறிவுரை கூறியிருந்தால் அது பெரும் பிழை. நல்ல வேளையாக, தடியடி என்றே இவன் சொல்லியிருந்தான். எக்ஸ்ரே படம் இருந்தது. சட்டையில் பெயர்ப்பட்டை அணியாத காவலர்களே அன்று முன்னால் வந்ததாக அவன் சொன்னான். அதையும் எழுதச் சொன்னேன்.

வலக்கை கட்டுக்குள் இருந்ததால் அவன் சொல்லச் சொல்ல அவனுடைய தங்கை எழுதினாள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பெண். எழுத்து முத்துமுத்தாக இருந்தது. இரண்டாம் பக்கம் வந்தபோது அவன் நிறுத்தினான். சற்று நேரம் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பின்னாலிருந்து ரெண்டு கல்லு வந்துச்சு ஹஜ்ரத். யார் எறிஞ்சான்னு தெரியல. நாங்க யாரும் இல்ல. அவங்க அடிக்க ஆரம்பிச்ச பிறகுதான் வந்துச்சு. இத எழுத வேணாம்ல?"

தாயும் என் முகத்தைப் பார்த்தார். எழுத வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டும் என அவர் விரும்பியது தெரிந்தது. நானும் தயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த இரண்டு கற்களைப் பிடித்துக்கொண்டே முழு முறையீட்டையும் தள்ளிவிட முடியும். பெஷாவரின் எரிந்த வண்டி என் கண்முன் வந்தது. ஆனால் சாட்சி சொல்லும்போது அது நமக்கே பாதகமாயினும் நீதியில் நிலைத்து நில்லுங்கள் என்று கற்பிக்கும் வேதத்தைத்தான் இதே பையனுக்கு நான் ஓதிக் கொடுத்தேன். இப்போது வேறு எதைச் சொல்வேன்?

"எழுதம்மா" என்றேன் அந்தப் பெண்ணிடம். "தடியடி தொடங்கிய பின், பின்வரிசைக்கு அப்பாலிருந்து இரண்டு கற்கள் வந்தன, எறிந்தவரை அறியேன். அவ்வளவுதான். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் சிறிது நேரம் கழித்துத் தலையசைத்தான். எழுதினாள். இடக்கையால் கையெழுத்திட்டான், கோணலாகத்தான் வந்தது. காரணம் குறிப்பிட்டுப் பக்கத்தில் பெருவிரல் ரேகையும் வைத்தோம்.

அஞ்சலில் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. பெற்றுக்கொண்டதாக ஆணையத்திலிருந்து மறுமொழி வந்திருக்கிறது. விசாரணைக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. மதுக்கடை திறந்துதான் இருக்கிறது. அடுத்த மாதம் மீண்டும் உட்காரப் போவதாக அவ்வூரார் பேசிக்கொள்கிறார்கள். நேற்று மாவுக்கட்டைப் பிரித்துவிட்டு நேரே மத்ரஸாவுக்கு வந்தான். மெலிந்து வெளுத்திருந்த கையை நீட்டி முஸாபஹா செய்தான். இம்முறை பின்வரிசையைக் கவனிக்க ஆள் நிறுத்த வேண்டும், அதற்குத் தானே நிற்பதாகச் சொன்னான். அவன் உம்மாவிடம் கேட்டாயா என்றேன். இன்னும் கேட்கவில்லையாம்.